வால்தம் தங்கப் பாக்கெட் கடிகாரம்: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பழைய தங்கப் பாக்கெட் கடிகாரம் கைக்கு வந்ததும் எல்லோரும் மூடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ரிப்பேர் என்று வந்துவிட்டால் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் எந்திரத்தை, அதாவது மூவ்மென்ட்டை. அமெரிக்க வால்தம் கடிகாரத்தில் மூவ்மென்ட்டையும் வெளிக்கூடான கேஸையும் பெரும்பாலும் வெவ்வேறு கம்பெனிகள் செய்தன. வாங்குபவர் கடையில் மூவ்மென்ட்டைத் தனியாகவும் கேஸைத் தனியாகவும் தேர்ந்தெடுத்துப் பொருத்திக்கொள்வார். அதனால் கேஸில் அடித்திருக்கும் எண்ணை வைத்துக் கடிகாரத்தின் வயதைத் தேடினால் தவறான விடைதான் கிடைக்கும். மூவ்மென்ட் தகட்டில் பொறித்திருக்கும் எண்தான் வால்தம் ஆலையின் எண். உதிரி பாகம் தேடவும் அதுதான் வேண்டும்.

ஏரன் டெனிசன், எட்வர்ட் ஹோவர்ட், டேவிட் டேவிஸ் மூவரும் 1850-இல் பாஸ்டன் அருகே ராக்ஸ்பரியில் இந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். 1854-இல் ஆலை சார்ல்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வால்தம் ஊருக்கு மாறியது. அதுவரை கடிகாரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் கைவினைஞர் அரத்தால் ராவி அந்த ஒரு கடிகாரத்துக்கென்றே பொருத்துவார். டெனிசன் துப்பாக்கி ஆலைகளின் முறையை இங்கே கொண்டுவந்தார். எந்திரத்தில் அளவு பிசகாமல் வெட்டிய பாகம் அதே மாடலின் எந்தக் கடிகாரத்திலும் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். 1857-இல் கம்பெனி திவாலாகி ஏலத்தில் ராயல் ராபின்ஸ் கைக்குப் போனது. பெயர்கள் பலமுறை மாறினாலும் உற்பத்தி 1957 வரை நடந்தது. அந்தப் பழைய எண்ணத்தின் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறோம். நூறு வயது தாண்டிய கடிகாரத்துக்கு அதே மாடலின் இன்னொரு மூவ்மென்ட்டிலிருந்து சக்கரம் எடுத்துப் போட முடிகிறது.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். வால்தமில் கோளாறு என்று கொண்டுவரும் பலவும் கோளாறே அல்ல, அந்த ஆலை வேண்டுமென்றே வைத்த ஏற்பாடுகள். அது தெரியாமல் பலத்தைக் காட்டும்போதுதான் நிஜக் கோளாறு உண்டாகிறது.

திறக்கும் முன்

முன்மூடி உள்ள ஹன்டர் கேஸ் என்றால் சாவி கொடுக்கும் குமிழை அழுத்தினால் முன்மூடி எழும். பின்மூடியின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஓர் உதடு இருக்கும். அங்கே நகத்தையோ மழுங்கிய கேஸ் கத்தியையோ வைத்து நெம்புங்கள். சமையல் கத்தி தங்கத்தில் விட்டுப்போகும் கீறல் பாலிஷுக்கும் போகாது. பின்மூடிக்குள் தூசு மூடி ஒன்று இருக்கலாம். அதையும் திறந்தால்தான் மூவ்மென்ட் தெரியும்.

விளிம்பில் உதடோ கீலோ தென்படவில்லை என்றால் அது திருகு மூடி. ரப்பர் துண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பின்மூடியே இல்லாமல் முன்கண்ணாடி வளையம் மட்டும் கழன்றால், மூவ்மென்ட் கீலில் ஆடி வெளியே வரும் வகை. அதில் முதலில் குமிழை வெளியே இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் மூவ்மென்ட்டைத் தூக்க வேண்டும். இழுக்காமல் தூக்கினால் குமிழின் தண்டான ஸ்டெம் முறியும்.

மூவ்மென்ட்டில் உள்ள எண்ணையும் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘பி.எஸ். பார்ட்லெட்’, ‘வில்லியம் எல்லரி’, ‘ஆப்பிள்டன் டிரேசி’ என்றெல்லாம் இருந்தால் அது கடிகாரத்தின் சொந்தக்காரர் பெயரல்ல, தரப் பெயர். ‘கிரசென்ட் ஸ்ட்ரீட்’ ஆலை இருந்த தெருவின் பெயர். அடுத்து டயல் பக்கத் தகட்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 44.9 மில்லிமீட்டர் இருந்தால் 18 சைஸ், 43.2 என்றால் 16, 39.8 என்றால் 12, 29.6 என்றால் 0 சைஸ்.

சாவி முழுக்க ஏறியிருக்கிறது, ஆனால் ஓடவில்லை

‘ஓவராகச் சாவி கொடுத்துவிட்டார்கள், அதனால் மாட்டிக்கொண்டது’ என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் விளக்கம். அப்படி ஒரு நோய் கிடையாது. கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங் முழுதாக ஏறி நிற்பது அதன் இயல்பு. அந்த விசை வந்தும் கடிகாரம் ஓடவில்லை என்றால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. இதை நம்பிக் குமிழை மேலும் திருகுவதோ கடிகாரத்தைத் தட்டுவதோ வேண்டாம்.

பின்பக்கம் திறந்து, கடிகாரத்தைத் தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டை லேசாகச் சுழற்றி நிறுத்துங்கள். இருபக்கமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் என்ன செய்கிறது என்று ஐகிளாஸ் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் இங்கேயே கிடைக்கும்.

சக்கரம் நாலைந்து தரம் ஆடிச் சோர்ந்து நின்றால் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது. பல பத்தாண்டு அலமாரியில் கிடந்த கடிகாரத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். மருந்து ஒன்றுதான்: முழுக்கப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் வைக்க வேண்டும். மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஓடும். பிறகு பழைய பிசினும் புது எண்ணெயும் சேர்ந்து அரைக்கும் விழுதாகிப் பிவட்டுகளை, அதாவது சக்கரத் தண்டுகளின் மெல்லிய முனைகளை, தேய்த்துவிடும்.

சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடினால் அதன் அச்சுத்தண்டான பேலன்ஸ் ஸ்டாஃப் முறிந்திருக்கிறது. அதன் முனைப் பிவட்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 18 சைஸ் வால்தம் வந்த காலத்தில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு எதுவும் இல்லை. மேசையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் போதும். புது ஸ்டாஃப் போடுவது லேத் பிடிக்கத் தெரிந்தவர் வேலை. மாடலைச் சொல்லி ஸ்டாஃப் கேட்கும்போது மூவ்மென்ட் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே மாடலிலேயே வெவ்வேறு அளவு ஸ்டாஃப்கள் உண்டு.

சக்கரம் நிமிர்ந்து தாராளமாக ஆடுகிறது, ஆனால் டிக் சத்தமே இல்லை என்றால் ரோலர் கல் விழுந்திருக்கிறது. பேலன்ஸுக்கு அடியில் நிற்கும் சிறு மாணிக்கக் கல் அது. சக்கரத் தொடரை ஒவ்வொரு பல்லாக விடும் பல்லட் கவையை ஒவ்வோர் ஆட்டத்திலும் அதுதான் தட்டும். அந்தக் கல்லும் பல்லட் கற்களும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஆல்கஹாலில் அரக்கு கரையும். கடிகாரத்தை ‘நல்லா கழுவினோம், அப்புறம் ஓடவில்லை’ என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். பேலன்ஸையும் பல்லட்டையும் வெள்ளைப் பெட்ரோலிலோ லைட்டர் திரவத்திலோதான் கழுவ வேண்டும். ஸ்பிரிட்டில் ஊறப் போடக் கூடாது.

பேலன்ஸ் அசையவே இல்லை என்றால் விசை வருகிறதா என்று பாருங்கள். பேலன்ஸ் பாலத்தைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, கூர் சீவிய மரக்குச்சியால் பல்லட் கவையை மெல்லத் தள்ளுங்கள். ‘டக்’கென்று மறுபக்கம் தாவினால் விசை வருகிறது, கோளாறு பேலன்ஸில். சோம்பலாக நகர்ந்தால் சக்கரத் தொடரில் அழுக்கு. நகர்த்திய இடத்திலேயே நின்றால் விசை தொடரின் கடைசிச் சக்கரமான எஸ்கேப் வீல் வரை வரவேயில்லை.

சாவி கொடுக்கக் கொடுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மெயின்ஸ்பிரிங் முறிந்திருக்கிறது, அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. இரண்டுக்கும் ஸ்பிரிங் இருக்கும் உருளைப் பெட்டியான பேரலைத் திறக்க வேண்டும்.

இங்கே வால்தமுக்கே உரிய ஓர் ஏற்பாடு உண்டு. பழைய நீல எஃகு ஸ்பிரிங் முழுச் சாவியில் முறியும்போது பேரல் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையில் பற்கள் உடையும், கல் விரிசல் விடும். இதைத் தடுக்க ஃபாக் என்பவரின் பாதுகாப்புப் பினியனை (பினியன் என்பது சிறு பல்சக்கரம்) ஆலை பயன்படுத்தியது. அதன் காப்புரிமை 1865-ஆம் ஆண்டுக்குரியது. சில மூவ்மென்ட்டுகளில் ‘ஃபாக்ஸ் பேடன்ட்’ என்றே பொறித்திருக்கும். நடுச் சக்கரத்தின் பினியன் தண்டோடு இறுகப் பிணைக்கப்படாமல் மரையில் ஏறி நிற்கும். ஸ்பிரிங் முன்னோக்கி இழுக்கும்போது மரை இறுகும். பின்னோக்கி உதைத்தால் மரை தளர்ந்து உதையை வாங்கிக்கொள்ளும், பற்கள் பிழைக்கும்.

அதனால் புது ஸ்பிரிங் போட்டும் ஓடாத வால்தமைக் கண்டால் பினியனைப் பாருங்கள். மரையில் மேலேறி நின்று தகட்டோடு உராய்ந்து மொத்தத் தொடரையும் பிடித்துக்கொண்டிருக்கலாம். நடுச் சக்கரத்தை வெளியே எடுத்து, மரையைச் சுத்தம் செய்து, பினியனை அடிவரை கையால் திருகி உட்கார வையுங்கள். எந்தப் பக்கம் இறுகுகிறது என்று முதலில் மெதுவாகத் திருகிப் பாருங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். ‘தளர்கிறதே’ என்று பசை போட்டோ ஈயம் வைத்தோ ஒட்டிவிடாதீர்கள். அடுத்த முறை ஸ்பிரிங் முறியும்போது அந்தக் கடிகாரத்தைக் காப்பாற்ற வேறொன்றும் இல்லை.

புது ஸ்பிரிங்குக்கு அகலம், தடிமன், நீளம், முனை வகை நான்கும் வேண்டும். முனையில் ஆங்கில ‘T’ எழுத்துபோல் இரு காது நீண்டிருக்கும் வகை வால்தமில் உண்டு. பேரலின் அடித்தட்டும் மூடியும் அதற்கேற்பத் துளையிட்டிருக்கும். வேறு முனையைத் திணித்தால் வழுக்கும். துருப்பிடிக்காத வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங் கிடைத்தால் அதையே போடுங்கள். விரலால் சுருட்டித் திணித்தால் ஸ்பிரிங் கூம்புபோல் முறுக்கி மூடியில் உராயும். சுருட்டும் கருவியில்தான் ஏற்ற வேண்டும். பேரலின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு நடுத்தண்டுக்கு, ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கு, ஒரு பங்கு வெற்றிடத்துக்கு என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஸ்பிரிங் நீளம் கூடினால் ஓடும் நேரம் கூடாது, குறையும்.

முறியாத ஸ்பிரிங்கும் களைத்துப்போகும். வெளியே எடுத்துப் போட்டால் நல்ல எஃகு ஸ்பிரிங் அகலமாக விரியும். பேரலிலிருந்து வந்த சுருளாகவே கிடந்தால் உயிர் போய்விட்டது. காலையில் சாவி கொடுத்த கடிகாரம் இரவுக்குள் சோர்ந்தால் இதுவும் ஒரு காரணம். நல்ல நிலையில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும்.

குமிழை இழுத்தும் முள் திரும்பவில்லை

மூன்று வகை உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் இடுக்கியை எடுக்காதீர்கள்.

முதல் வகையில் குமிழை இழுத்து முள் திருப்பும் வழக்கமே கிடையாது. 1891-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு ரயில்காரரின் கடிகாரம் சில நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பின் வெப் பால் என்பவரின் மேற்பார்வையில் ரயில்வே கடிகாரங்களுக்குக் கடுமையான விதிகள் வந்தன: வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக் கூடாது, பல நிலைகளில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும், முள்ளைத் தற்செயலாக நகர்த்த முடியக் கூடாது. கடைசி விதிக்காக நெம்புகோல் வகை கட்டாயமானது. முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றுங்கள். டயலின் ஓரத்தில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று ஒளிந்திருக்கும். நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருப்பி நேரம் வைத்து, நாக்கை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வளையத்தை மூட வேண்டும். நாக்கு வெளியே இருக்கும்போது மூடினால் டயலின் பீங்கான் பூச்சு ஓரத்தில் பெயரும்.

இரண்டாவது வகை சாவி போட்டு முடுக்கும் ஆரம்பகாலக் கடிகாரம். சரியான அளவுச் சாவி இல்லாமல் சதுர முனையைத் திருகினால் முனை உருண்டுவிடும்.

மூன்றாவது வகையில்தான் குழப்பம் அதிகம். அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில் ஸ்டெம் மூவ்மென்ட்டோடு சேர்ந்ததல்ல, கேஸோடு சேர்ந்தது. கேஸின் கழுத்துக்குள் திருகி வைத்த ஸ்லீவ் என்ற சிறு குழாய் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். ஸ்டெம் உள்ளே அழுத்தினால் மூவ்மென்ட் சாவி ஏறும் நிலைக்குப் போகும், விலகினால் முள் திருப்பும் நிலைக்குத் தானாகவே திரும்பும். மூவ்மென்ட்டைக் கேஸிலிருந்து எடுத்ததும் சாவி ஏறவில்லை என்று பதறுபவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை.

கேஸில் பொருத்திய பிறகும் தொல்லை என்றால் ஸ்லீவ் ஆழம் பிசகியிருக்கிறது. குமிழை உள்ளே தள்ளியும் முள்தான் திரும்புகிறது என்றால் ஸ்டெம் எட்டவில்லை, ஸ்லீவை உள்ளே திருகுங்கள். குமிழை வெளியே இழுத்தும் சாவிதான் ஏறுகிறது என்றால் ஸ்டெம் போதிய தூரம் விலகவில்லை, ஸ்லீவை வெளியே திருகுங்கள். ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இதற்கென்று பல முனை கொண்ட ஸ்லீவ் சாவி இருக்கிறது. மூக்கு இடுக்கியால் திருகினால் ஸ்லீவின் விரல்கள் உடையும். மூவ்மென்ட்டையும் கேஸையும் வேறு கடிகாரங்களிலிருந்து சேர்த்த சோடி என்றால் இந்தச் சரிசெய்தல் அநேகமாகத் தேவைப்படும்.

வேகமாக ஓடுகிறது

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம் என்றால் ரெகுலேட்டர் வேலை. பேலன்ஸ் பாலத்தின் மேல் எஃப், எஸ் என்ற இரண்டு எழுத்துக்கு நடுவில் ஊசி இருக்கும். எஃப் பக்கம் நகர்த்தினால் வேகம், எஸ் பக்கம் நகர்த்தினால் மெதுவு. மயிரிழை நகர்த்திவிட்டு 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஊசி ஏற்கெனவே ஒரு கோடிக்குப் போயிருந்தால் வேறு கோளாறை யாரோ ஊசியால் மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மணிக்கே சில நிமிடம் முந்தினால் ஊசியைத் தொடாதீர்கள். பேலன்ஸில் உள்ள மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஸ்பிரிங் குட்டையானது போல் ஆகி பேலன்ஸ் படபடவென்று அடிக்கும். ஒட்டுவதற்கு மூன்று காரணம்: காந்தம், எண்ணெய், கீழே விழுந்ததில் சுற்று தாண்டி மாட்டிக்கொள்வது.

சிறிய திசைகாட்டியைப் பேலன்ஸுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஏற்ப முள் துடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது. போன் உறையில் உள்ள காந்தப் பூட்டும் ஸ்பீக்கரும் இந்த எஃகு ஸ்பிரிங்குக்குப் பகை. காந்தம் நீக்கும் கருவியின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கடிகாரத்தை ஒரு கை தூரத்துக்கு மெதுவாக விலக்கி, அப்புறம்தான் பட்டனை விட வேண்டும். அருகிலேயே விட்டால் இன்னும் கூடுதலாக ஏறும். எண்ணெய் பட்டிருந்தால் பேலன்ஸை எடுத்து லைட்டர் திரவத்தில் முக்கி உலர்த்த வேண்டும். சுற்று தாண்டியிருந்தால் ரெகுலேட்டரின் இரு சிறு கம்பிப் பின்களுக்கு நடுவில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு நிற்பது ஐகிளாஸில் தெரியும். ஊசி முனையால் மெல்ல எடுத்துவிட்டால் அதோடு சரி.

படுக்க வைத்தால் ஒரு நேரம், தொங்கவிட்டால் வேறு நேரம்

டயல் மேல் பார்க்க 24 மணி நேரம், கீழ் பார்க்க 24, குமிழ் மேலாக நிறுத்தி 24. மூன்றுக்கும் பிசகை எழுதுங்கள். மேல் பார்க்கவும் கீழ் பார்க்கவும் வைத்த இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், ஒரு பக்கப் பிவட்டின் முனை தட்டையாகியிருக்கிறது அல்லது முனை ஊன்றி நிற்கும் அந்தப் பக்க எண்ட்ஸ்டோன் கல் குழிந்திருக்கிறது. தட்டையாக வைத்தால் ஒழுங்காக ஓடி, நிறுத்தினால் மட்டும் தடுமாறினால் பேலன்ஸின் சமன் கெட்டிருக்கிறது. பேலன்ஸ் விளிம்பில் உள்ள சிறு திருகுகளைத் திருகிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். பித்தளையும் எஃகும் சேர்ந்த அந்த விளிம்பு வெப்பத்துக்கு ஈடு செய்ய ஆலையில் பார்த்துப் பார்த்து அமைத்தது. ஒரு திருகு மாறினால் எல்லா நிலையும் கலையும்.

சர்வீஸ் முடிந்த நூறாண்டுக் கடிகாரம் ஒரு நாளைக்கு 30 நொடிப் பிசகுக்குள் நின்றால் திருப்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக் கேட்கிறது, முள் நகரவில்லை

நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் தளர்ந்து வழுக்குகிறது. டயலை எடுத்து, உள்ளே சரியான கம்பியை நுழைத்துக்கொண்டு பினியனின் இடுப்பில் மிக லேசாக அமுக்கிக் கொடுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் நின்றால் முட்கள் ஒன்றோடொன்று அல்லது கண்ணாடியோடு உரசுகின்றன. பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் தெரியும்.

தங்கத்தைப் பற்றிய கேள்விகள்

ஓரங்களில் செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் அது முழுத் தங்கமல்ல. இரண்டு தங்கத் தகடுகளுக்கு நடுவில் மலிவான உலோகத்தை வைத்து உருட்டிச் செய்த கேஸ். இந்த முறைக்கு ஜேம்ஸ் பாஸ் 1859-இல் காப்புரிமை வாங்கினார். உள்மூடியில் ‘20 ஆண்டு’, ‘25 ஆண்டு’ என்று உத்தரவாதம் எழுதியிருந்தால் இந்த வகைதான். முழுத் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக் கணக்கு எழுதமாட்டார்கள். நகைக்கடை உரைகல் மேல்தோலை மட்டும்தான் காட்டும் என்பதால் பூச்சுக் கேஸும் ‘14 கேரட்’ என்று தேறிவிடும். 916-க்குப் பழகிய கண்ணுக்கு 585 தரமான 14 கேரட் மங்கலாகத் தெரிவதும் இயல்பு.

இங்கிலாந்தில் விற்ற வால்தம்களுக்குப் பர்மிங்காமில் செய்த கேஸ் வரும். அந்தக் கேஸ் கம்பெனியைத் தொடங்கியவரும் இதே ஏரன் டெனிசன்தான். நங்கூர முத்திரையும் ஆண்டு எழுத்தும் இருந்தால் கேஸ் எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஹன்டர் மூடி பூட்டவில்லை என்றால் பெரும்பாலும் தேய்ந்தது பூட்டு நாக்கு அல்ல, மூடியின் தங்க உதடு. அழுத்தி அழுத்தி ‘டப்’பென்று மூடியதால் வந்த தேய்மானம். குமிழை அழுத்தியபடி மூடிவிட்டு, பிறகு குமிழை விடுங்கள். பாலிஷ் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். வேலைப்பாட்டுக் கோடுகள் போனால் திரும்ப வராது. பூச்சுக் கேஸ் என்றால் தங்கமே போய்விடும்.

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கேஸை உருக்கிவிட்டு மூவ்மென்ட்டை டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். டயலும் முள்ளும் வைத்து அனாதையாகக் கிடக்கும் நல்ல வால்தம்கள் ஏராளம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மூவ்மென்ட் எண்ணையும் கேஸ் எண்ணையும் தனித்தனியாக ரசீதில் எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் ஒரு பொட்டலத்தில் கேளுங்கள். முறிந்த ஸ்டாஃபும் பழைய ஸ்பிரிங்கும் அடுத்து அந்தக் கடிகாரத்தைத் திறப்பவருக்கு அளவு சொல்லும்.